அழிக்கலாம் என்ற கையெழுத்து

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவளுக்கு 'இன்னொருதடவை அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாருக்கும் தைரியம் கிடையாது. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "இன்னொரு தடவை பாருங்க" என்பாள். வீட்டிலும் இதே கதைதான். பூட்டிய கதவை அவள் மூன்று முறை இழுத்துப் பார்ப்பதற்குள், பஸ் டிரைவரான கணவர் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு, "கதவு கழண்டு கையோட வந்துடப்போகுது, வா!" என்று சத்தம் போடுவார். அப்படியும் இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வருவாள்.

இது பிறவிக்குணம் இல்லை. ஒன்பது வருஷம் முன்புவரை அவளும் நம்மைப் போல எல்லாவற்றையும் நம்பிக்கொண்டு தட்டச்சு செய்தவள்தான். ஒருநாள் காலை அலுவலகக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நகல்தான் இருக்கிறதே என்று பீரோவைத் திறந்தால், அழகாக லேபிள் ஒட்டி அடுக்கிய நகல் டேப்புகள் அத்தனையும் காலி. அப்போது பொறுப்பில் இருந்தவர் ஒருநாள்கூட ஒரு டேப்பைப் போட்டுப் பார்த்ததில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டி எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற இரண்டு மாதம் ஆயிற்று. அம்மாவின் இறப்புச் சான்றிதழுக்காக ஒருவர் பதினோரு தடவை நடந்தார். பன்னிரண்டாம் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே அவள் அதிகாரியிடம் போய், "டேப்புப் பொறுப்பை என்கிட்ட குடுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு அந்தப் பதிவேடுகளையும் கரையான் தின்றுவிட்டது. இப்போது இருப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். வாராவாரம் செவ்வாய்க்கிழமை இரண்டு டேப்புகளில் நகல் ஏறும். பிறப்பு முழுவதும், இறப்பில் பாதியும் முதல் டேப்பில் அடங்கிவிடும்; மீதி இரண்டாவதில். ஏறி முடிந்து பச்சை விளக்கு எரிந்தாலும் அவள் நம்பமாட்டாள். மூலையில் கிடந்த உதிரிக் கம்ப்யூட்டர் ஒன்றில் டேப்பைப் போட்டு, தன் மகளின் பிறப்புப் பதிவைத் தேடித் திறப்பாள். நேரம், எடை, ஆஸ்பத்திரி எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஓர் எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம். பிறகு இரண்டு டேப்பையும் கைப்பையில் போட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த குடிநீர் அலுவலக அலமாரியில் கொண்டுபோய்ப் பூட்டுவாள். அசலும் நகலும் ஒரே கூரைக்கடியில் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

இப்படி இருக்கையில்தான் அரசாங்கம் எல்லாவற்றையும் புதிய தரவு மையத்துக்கு மாற்ற முடிவு செய்தது. இரண்டு ஊரில் இரண்டு பிரதி. ஓர் ஊரில் வெள்ளம் வந்தாலும் இன்னொன்று நிற்கும். வேலையை எடுத்த கம்பெனி, நரைத்த தாடிக்காரர் ஒருவரை அனுப்பியது. அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டரைத் தொந்தரவு செய்தால் கவுன்டரில் கூட்டம் தேங்கும் என்று, குடிநீர் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து வைத்த அவளுடைய டேப்புகளிலிருந்தே அவர் எல்லாவற்றையும் ஏற்றினார்.

தாடிக்காரரை அவளுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வந்ததும் சிரித்தார், போகும்போதும் சிரித்தார். இந்த அலுவலகத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? டேப் நம்பர்களைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். எதற்கு? ஒருநாள் மாடிப்படியில் நின்று போனில், "அந்த அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. என் தலையில் எதையோ கட்டப் பார்க்கிறான் என்று முடிவே செய்துவிட்டாள்.

"சார், அந்த ஆள் எதையோ மறைக்கிறாரு" என்று அதிகாரியிடம் ஒரு மாதமாகச் சொல்லிவந்தாள். அதிகாரிக்கு அவசரம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பழைய கம்ப்யூட்டரை அழித்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்கு முன்பு, 'நகல் முழுமையாக உள்ளது, அழிக்கலாம்' என்று டேப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் தாடிக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், கையெழுத்துக்கு முன்னாடி உங்க டேப்பை முழுசா ஒரு தடவை தெறந்து பாத்துடலாமா?"

"ஒம்பது வருஷமா நான் பாக்காததை நீங்க பாக்கப்போறீங்களா?" என்று வெடித்தாள். அவர் நோட்டை மூடிக்கொண்டு நகர்ந்தார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? அவர் மூக்கை உடைப்பதற்காகவே அந்த உதிரிக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். முதல் டேப் திறந்தது. மகள் இருந்தாள். இரண்டாவதைப் போட்டாள். காலி. போன வாரத்து டேப், காலி. அதற்கு முந்தைய வாரமும் காலி. நாலு வருஷம் முன்பு டேப் எழுதும் கருவியை மாற்றியிருந்தார்கள். புதுக்கருவி முதல் டேப் நிறைந்ததும் பச்சை விளக்கைப் போட்டுவிட்டது. இரண்டாவதைத் துடைத்து வைத்ததோடு சரி. மகளின் பதிவு முதல் டேப்பில் இருந்ததால், இரண்டாவதை அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததே இல்லை.

அப்படியென்றால் புது மையத்துக்குப் போனதும் இந்தக் காலிதான். இரண்டு ஊரிலும் ஒரே ஓட்டை. இறந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தார்கள். மணி நாலு பத்து.

கையெழுத்துப் போடாத அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்கு ஓடினாள். தாடிக்காரரும் அங்கேதான் இருந்தார்.

"அழிக்கக் கூடாது சார். பாதி இறப்புப் பதிவு போய்ச் சேரவே இல்ல."

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். "நீங்க சொல்லிட்டே இருந்தீங்க, நான்தான் கேக்கல. இந்த ஆள் ஏத்துனதுல கோளாறுதானே?"

தாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "எண்ணிக்கை கொறையுது சார். ரெண்டாவது டேப்பை என் மெஷின்தான் சரியா படிக்கலைன்னு மூணு தடவை மறுபடி ஏத்திப் பாத்தேன். என் தப்பு உறுதியாகட்டும், அப்புறம் மேடம்கிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

போனில் சொன்னது இதுதானா? ஒரு 'ஆமாம்' போதும். ஒரு மாதமாக அவளே பரப்பிய சந்தேகம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பீரோவில் காலி டேப்புகளை அடுக்கி வைத்த அந்தப் பழைய ஆளை ஒன்பது வருஷமாக எத்தனை தடவை திட்டியிருப்பாள்!

"இல்ல சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "இவர் மேல தப்பு இல்ல. என் டேப்புதான் காலி. நாலு வருஷமா."

அழிப்பை நிறுத்திவைத்தார்கள். அதிகாரி விளக்கம் கேட்டு மெமோ எழுதினார். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கவுன்டர் இல்லாததால், தாடிக்காரர் பழைய கம்ப்யூட்டரிலிருந்து நேராகவே ஏற்றினார். ஞாயிறு சாயங்காலம் எண்ணிக்கை பிசகில்லாமல் வந்தது. அவர் அந்தக் காகிதத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "நீங்க தெறந்து பாருங்க சார். 'பாத்துட்டேன், சரியா இருக்கு'ன்னு நானே சொன்னாலும் நம்பாதீங்க."