ராஜையன் போடாத பலகை

"பிள்ளே, இதுமேல உங்க மொதலாளியம்மா வெறுங்காலோட நடப்பாளா?"

போன வருஷம், 1951இல், ராஜையன் மேஸ்திரி என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது நான் பள்ளிக்கூடம் முடித்து, ஆரியசாலை அரிசிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

முதலாளி கோமதிநாயகம் பிள்ளை வள்ளக்கடவில் கால்வாய்க்குள் நீட்டிப் படகுத்துறை கட்டினார். தூண்களின்மேல் பாவுவதற்கு வந்த தம்பகம் என்ற வைர மரத்தின் பலகைகள் வில்லாக வளைந்திருந்தன. பாறசாலைக்காரரான ராஜையன் ஒற்றைக் கண்ணை மூடி ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பார்த்தார்.

"நாலு நாள் வேணும் மொதலாளி. துளை போட்டு, ஆப்பு வச்சு, கொஞ்சங்கொஞ்சமா இறக்கணும். ரொம்ப வளைஞ்சத ரெண்டா அறுக்கணும். தம்பகமாக்கும், தென்னையில்ல."

"நாளைக்கு ஏழரைக்குள்ள முகூர்த்தம். முதல் மூட்டை இறங்கியாகணும். மரம் என்ன ஓய், உம்ம மருமகனா? இப்படித் தாங்குறீரு!"

"நேரம் நல்ல நேரந்தான். அது பலகைக்குத் தெரியாண்டாமா?"

முதலாளி, சீவி வைத்த பலகைமேலேயே வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அதைத் துடைத்துவிட்டுத்தான் மேஸ்திரி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வளைவை அமுக்கி ஆணி அடிப்பதற்காக, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் நாலு பேர் பலகைமேல் ஏறி நின்றார்கள். அமுங்கவில்லை. முதலாளி என்னையும் ஏறச் சொன்னார், ஏறினேன். பாதி ஆணிகள் வளைந்தன, மீதி எப்படியோ இறங்கின. காலையில் தேங்காய் உடைத்தார்கள்.

மூன்று நாள் வெயிலில் ஒரு பலகையின் முனை ஆணியோடு நாலு விரல் எழும்பியது. தலையில் மூட்டையோடு வந்த சுமைக்காரி அம்மிணியின் கால் அதில் சிக்கியது. பெருவிரல் நகம் பிய்ந்து அவள் விழுந்தாள். மூட்டை கால்வாய்க்குள் போயிற்று.

"ஐயோ, என் அரிசி!" முதலாளி ஓடிவந்து தண்ணீரைத்தான் பார்த்தார்.

"அரிசிக்கு நோவில்ல மொதலாளி," என்றாள் அம்மிணி, ரத்தத்தைப் பொத்திக்கொண்டு. "இவிட நோக்கு, காலு!"

கூட்டம் கூடியதும் முதலாளி உரக்கச் சொன்னார்: "எல்லாம் அந்த ராஜையன் போட்ட பலகை!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. முதலாளியை நினைத்து மட்டுமல்ல.

அதற்குப் பின் சாலைக் கடைத்தெருவில் ராஜையனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. "பலகையப் பறக்க விட்டவரல்லவா?" என்று சிரித்தார்கள். போன மாதம் மனைவி ஞானபாயுடன் அவர் பாறசாலைக்கே திரும்பிவிட்டார். நானும் அந்தக் கடையை விட்டுவிட்டேன். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

மேஸ்திரி, முதலாளியம்மா நடக்கமாட்டாள். அது தெரிந்தேதான் ஏறி நின்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லுங்கள்: அந்தப் பலகையை ராஜையன் போடவில்லை. மிதித்து அமுக்கியவர்களில் ஒருவன் நான்.