கைப்பிடி யூரியா

"பாரும்மா, பசியில வெளிறிப்போய் நிக்குது."

கண்ணாடிக் கூடாரத்தின் நடுவரிசையில் குனிந்து, குடைமிளகாய்ச் செடியின் இலையைக் கட்டைவிரலால் தடவியபடி மாமனார் சொன்னார். மறுகையில் யூரியா வாளி.

மருமகள் அந்த இலையைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கம் முழுக்க அசுவினிப் பூச்சி அப்பிக்கிடந்தது. "பசியில்ல மாமா. இதுங்க சாறு உறிஞ்சுறதால வெளிறுது."

"அப்ப போனத ஈடுகட்ட வேணாமா, பாவம்?"

"போடப் போட இலை இளசாகும், சாறும் சத்தா ஊறும். அத குடிச்சு இதுங்கதான் பெருகும். வேளாண் அதிகாரியும் அதத்தானே சொல்லிட்டுப் போனார்."

"நல்லாருக்கே கதை! தின்னக் குடுத்தா யாருக்காவது கெடுதல் வருமா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கைப்பிடியை வேரடியில் தூவினார்.

அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர் தாராளம். அளவுக் குவளை ஆணியில் தொங்கும். அவர் கை வாளிக்குள் இருக்கும். அவர் வளர்க்கும் நாய்க்குப் படி ஏறினால் மூச்சு வாங்கும். மீன்தொட்டியில் இப்போது மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. யாரைப் பார்த்தாலும் "என்ன, இப்படி இளைச்சுட்ட?" என்பார். எடை கூடிப்போன கவலையில் இருப்பவர்கள் அவரைப் பார்ப்பதற்கென்றே அந்தப் பக்கம் வருவார்கள்.

அவருடைய செடிகளின் கரும்பச்சையைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அந்த வியப்பு அடங்குமுன் தண்டில் எறும்பு ஏறும். இலை பிசுபிசுக்கும். பிறகு கரி பூசியதுபோல் கறுக்கும். "அப்பா செடிக்கா உரம் போடறார்? பூச்சிக்கு விருந்து வைக்கிறார்" என்பான் மகன். போன விளைச்சலை வேரோடு பிடுங்கி எரித்தவன் அவன்தான். இதுவும் போனால் குத்தகைக் கூடாரத்தை விட்டுவிட வேண்டியதுதான். அதற்குப் பின் காலையில் எழுந்து போக அவருக்கு ஓர் இடம் இல்லை.

மாமியார் படுக்கையில் கிடந்த மாதங்களை மருமகள் பார்த்திருக்கிறாள். நோயில் உடம்பு உருகிக்கொண்டிருக்க, மாமனார் கிண்ணமும் கரண்டியுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "ஒரு வாய். ஒரே ஒரு வாய்." மாமியார் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஆறிப்போனதை மாமனார் சூடாக்கி மறுபடியும் கொண்டுவருவார்.

அன்று உரம் தூவிய நடுவரிசை சில நாட்களில் சுருண்டு கறுத்தது. மகன் அதைப் பிடுங்கி வெளியே குவித்தான். மிச்சமிருந்த செடிகளின் இலைகளை மருமகள் சோப்புத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் குவியலையே பார்த்து நின்றார். பிறகு போய் உர அறையைப் பூட்டிவிட்டுச் சாவியோடு அவளிடம் வந்தார்.

"இத நீயே வச்சுக்கம்மா. வெளிறினத பாத்தா என் கை நிக்காது. நான் கெஞ்சிக் கேட்டாலும் குடுத்துராத."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவள் நீட்டினாள். சாவியை மூடிய அவருடைய கைப்பிடி அவள் உள்ளங்கைக்கு மேலே வந்து நின்றது, திறக்கவில்லை.