சந்தனம் வைத்த தட்டுகள்

கொல்வதுதான் அப்போது என் வேலை. குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில், ரொட்டியில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று கண்டுபிடிப்பேன். அதில் படரும் பூஞ்சையைக் கிராம்பெண்ணெய் எந்த அளவில் கொல்கிறது என்றும் பார்ப்பேன். கிருமியை வளர்ப்பது, எண்ணுவது, கடைசியில் கொதிநீராவியில் அவித்துக் கொல்வது. இதைச் செய்ய எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. பெருமைதான் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை மிதித்த முதல் ஆள் நான்.

நான் மிதிக்க வழி விட்டவன் என் அண்ணன். ஒன்பது வயதில் பட்டறைக்குப் போனவன், திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டினான். நான் பத்தாவது படிக்கும்போது தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் என் ஜடையை இழுத்தவனை, பல் தெறிக்க அடித்தான். அப்பா படிப்பை நிறுத்தச் சொன்னபோது சுவரில் குத்திக் காரையைப் பெயர்த்தான். அவன் பாசம் எப்போதும் கை வழியாகத்தான் வரும். அந்தக் கை என் பக்கம் இருந்தவரை நான் அதைக் குறை சொன்னதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் வேலைக்குப் போகும் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பக்கம் எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடமோ, மாதக் கடைசிக்குள் சோதனை முடிவைக் கொடுத்தால் இரண்டு வருஷம் வேலை நிச்சயம், இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு என்று சொல்லியிருந்தார். அண்ணனிடம் கெஞ்சி ஒரு வாக்கு வாங்கினேன். அவர்கள் வருவதற்குள் முடிவு கையில் வந்தால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு.

முப்பது கண்ணாடித் தட்டுகள். கடற்பாசிக் கூழில் கிராம்பெண்ணெயை வரிசைக்கு ஓர் அளவாகக் கலந்து, ஒவ்வொன்றிலும் ஊற்றி உறையவைத்து, கிருமியைத் தடவி, மூடி, இன்குபேட்டர் என்னும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஏழு நாள் மூடியைத் திறக்கவே கூடாது. மூச்சுக் காற்று பட்டால் போதும், எது நான் வைத்த கிருமி, எது வெளியிலிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும். ஆயுத பூஜை ஆறாம் நாள்.

கல்லூரிக்கு விடுமுறை. பட்டறையில் பூஜை முடித்த அண்ணன், சட்டைப் பையில் சந்தனம், குங்குமப் பொட்டலங்களோடு சைக்கிளில் வந்தான். அவனை உள்ளே கூட்டிப்போய் என் மேஜை, என் பெட்டி, என் பெயர் எழுதிய நோட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். குனிந்து குனிந்து பார்த்தான்.

"இத்தெல்லாம் உன்னுதா? உன்னை நம்பியா உட்டு வெச்சிகீறாங்க?"

"என்னை நம்பித்தான்ணா."

அப்போது வாட்ச்மேன், பூசணிக்காய் உடைக்க வரச் சொல்லிக் கூப்பிட்டார். போனேன். கேட்டில் போட்டு உடைத்ததும் குங்குமம் தடவிய பூசணி ரத்தச் சதையாகச் சிதறியது. பொரி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கதவில் பட்டையாகச் சந்தனம், குங்குமம். தட்டுகள் மேஜை மேல் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மூடியையும் திறந்து, கூழின் நடுவில் விரலால் அழுத்திச் சந்தனம் வைத்திருந்தான். கடைசித் தட்டை மூடிக்கொண்டிருந்தான்.

"மூடி மேல வெச்சா அயிஞ்சிபூடும்னு உள்ள வெச்சேன் பாப்பா. மெசினுக்கும் இன்னிக்கு ரெஸ்ட்டு. நாளைக்குப் போட்டுக்கலாம்."

லேத்துக்கு அவன் வருஷா வருஷம் செய்வதைத்தான் என் பெட்டிக்கும் செய்திருந்தான். அது எனக்கு அந்தக் கணமே புரிந்தது. புரிந்துதான் அடித்தேன். அவன் கன்னத்தில் விழுந்த அறையில் என் உள்ளங்கை மரத்துப்போனது.

அவன் யோசிக்கவில்லை. முஷ்டி என் வாயில் இறங்கியது. மேஜை விளிம்பில் கண்ணோரம் மோதிக் கீழே விழுந்தேன். உதடு பிளந்து பல்லில் ரத்தம் கரித்தது. எழுந்து கைக்கு அகப்பட்ட தட்டை அவன் மேல் வீசினேன். தடுத்த கையில் கண்ணாடி ஏறியது. இன்னொன்றை வீசினேன். வாட்ச்மேன் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாம்மா இது, அண்ணன் தங்கச்சியா கட்டாரி வீரனுங்களா? பூஜ நாள்ல ரத்தம் கொட்டிகினு!"

அண்ணன் கையை வேட்டியில் சுற்றிக்கொண்டு சொன்னான். "பட்ச்ச திமிரு. நான் படிக்க வெச்ச திமிரு."

பீர்க்கன்கரணையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் முதலில் அடித்தது என்று கேட்கவில்லை. என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது, உதடு கத்தரிக்காயாக வீங்கியிருந்தது.

"நாயித்துக்கெயம வர்றவங்களுக்கு இந்த மூஞ்சியவா காட்டறது? டேய், அவங்களாண்ட போயி அம்ம போட்டுகீதுன்னு சொல்லிட்டு வா."

வெளியே போய் வேப்பங்கொத்தை ஒடித்து நிலைப்படியில் செருகினாள். அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை இனி எந்த விருந்தாளியும் எங்கள் வாசலை மிதிக்க மாட்டார்.

மகன் மானத்தையும் சம்பந்தத்தையும் காப்பாற்றத்தான் அம்மா அந்தப் பொய்யைச் சொன்னாள். எனக்குக் கிடைத்தவை, சோதனையை மறுபடி செய்ய நாட்கள்.

விடுமுறை முடிந்த நாளிலிருந்து முகத்தைத் தலைப்பால் மூடி, முதல் ரயிலில் குரோம்பேட்டை போனேன். மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, புதுத் தட்டுகளுக்கு அலமாரிச் சாவியைக் கொடுத்தார். உடையாத பழைய தட்டுகளில் சந்தனத்தைச் சுற்றி அண்ணனின் விரல்ரேகை முளைத்திருந்தது. ரேகைக்கு ரேகை மஞ்சளும் வெள்ளையுமாகப் பாக்டீரியாப் புள்ளிகள், ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை. பழக்கத்தில் எண்ணினேன். 'கெட்டுப்போனது, காரணம் மனிதக் கை' என்று நோட்டில் எழுதினேன். யாருடைய கை என்று எழுதவில்லை. பிறகு எல்லாவற்றையும் நீராவியில் போட்டு அவித்தேன்.

புதுத் தட்டுகள் ஏழு நாளைத் தாண்டின. அறையைப் பூட்டிச் சாவியைத் தாலிபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தண்ணீர் அன்று அம்மா, வராத அம்மைக்கு மஞ்சளும் வேப்பிலையும் கலந்து என் தலையில் கொட்டினாள். ஈரம் சொட்ட வெளியே வந்தேன். அதுவரை என்னோடு பேசாத அண்ணன் வாசலில் நின்றான். உள்ளங்கைத் தையல் கருத்திருந்தது.

"இன்னா ஆச்சு உன் தட்டு?"

"எண்ணெயை அதிகமா ஊத்தின வரிசையில பூஞ்சை வரவே இல்லை. நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்."

"வேல?"

"நிச்சயம்."

"அப்போ அவங்களுக்கு இன்னான்னு சொல்றது?"

"வேண்டாம்னு சொல்லு."

அவன் வலது கை மடங்கியது. நான் பின்வாங்கவில்லை. என் கையும் மடங்கியிருந்ததை அவன் பார்த்தான். நிலைப்படியிலிருந்த காய்ந்த வேப்பங்கொத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டு, சொல்வதற்காகச் சைக்கிளை எடுத்தான்.