யார் ஜெயிப்பது என்று பேக்கரியில் முடிவானது

கணபதி ஏரியாவில் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய ஒரு பேக்கரியில்தான் எங்கள் மல்யுத்தக் கம்பெனியின் வெற்றி தோல்வி எல்லாம் முடிவாகும். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டிவியில் வெளிநாட்டு மல்யுத்தம் பார்த்து வளர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர், நாலு இரும்புத் தூண், கயிறு, பிளைவுட் பலகைகள், அதன்மேல் பழைய பவானி ஜமக்காளங்கள், எல்லாவற்றையும் இழுத்து மூடிய ஒரு தார்ப்பாய். அதுதான் ரிங். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கல்யாண மண்டபம் பிடித்து ஷோ நடத்துவோம்.

நான் மைக்காரன். மற்ற நாட்களில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடியைக் கூவுவேன். ஷோ அன்றைக்கு ரிங்கில் நின்று வீரர்களைக் கூவுவேன். படிப்பு பாதியில் நின்றுபோனது. பேசக் கற்றுக்கொண்டதெல்லாம் பேசுகிற ஜனங்களிடம்தான். யாராவது ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டால் நாள் முழுக்க அதை வாய்க்குள்ளேயே போட்டுக் குதப்பிக்கொண்டிருப்பேன். “வலி நெசமுங்ணா, செயிக்கறதுதான் பொய்” என்று எங்கள் ஆட்களில் ஒருவன் சொன்னது அப்படித்தான் எனக்குள் தங்கியது. அவனைப் பற்றித்தான் இது.

முதலில் பேக்கரி. கம்பெனி நடத்துகிறவர் முன்பு கேபிள் டிவி வைத்திருந்தவர். டீயும் பஃப்ஸும் சொல்லிவிட்டு உட்காருவார். பக்கத்தில் ரெஃப்ரி, எதிரே நான். எந்த ஆட்டம் முதலில், யார் வில்லன், யார் யாரைத் தூக்கிப் போடுவது, கடைசியில் யாருடைய தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணுவது என்று பேசுவோம். அந்தக் கடைசி முடிவுக்கு ஃபினிஷ் என்று பெயர். ஒழுங்காகச் செய்தால் அது கதை கட்டுகிற வேலை. தோற்றுக்கொண்டே இருக்கிறவன் மேல் ஜனங்களுக்கு ஒரு பாசம் சேரும். அதைச் சேர விட்டு, சரியான ஊரில் அவனை ஜெயிக்க வைத்தால் மண்டபமே எழுந்து நிற்கும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் ரிங் ஏற்றிப்போகிற டெம்போவின் சொந்தக்காரன் எங்கள் கம்பெனியில் ஒருநாளும் தோற்றதில்லை. ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுப்பவரின் தம்பி இடுப்பிலிருந்து சாம்பியன் பெல்ட் இறங்கவே இல்லை. ஒருத்தனுக்குப் பெண் வீட்டார் ஷோ பார்க்க வருகிறார்கள் என்பதற்காக ஒரு வெற்றி. “இது ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குப் போட்ட செயமுங்க, விருந்துச் சோறாட்ட” என்றார் ரெஃப்ரி. அன்றைக்குச் சிரித்தேன்.

இப்போது அவன். கணபதியில் ஃபவுண்டரி வேலை. ஊர் தொண்டாமுத்தூர்ப் பக்கம். அப்பா ஒரு தென்னந்தோப்பில் கூலிக்குத் தேங்காய் உரிக்கிறவர். எங்கள் கம்பெனியில் இவனைப்போல் விழ ஆள் கிடையாது. பார்க்கிறவர்களுக்குத் தூக்குகிறவன்தான் பலசாலி. உண்மையில் கீழே இருப்பவன் சரியான நேரத்தில் எம்பிக் குதிக்காவிட்டால் மேலே இருப்பவனால் ஒரு சாணும் தூக்க முடியாது. இவன் குதிக்கிற குதியில் சோப்ளாங்கிகூட வீரனாகிவிடுவான். அதனாலேயே எல்லோரிடமும் இவனைத் தோற்க வைத்தார்கள். “உங்கூர்ல ஷோ போடறப்ப நீதான் கண்ணு. பெல்ட்டே உனக்குத்தான்” என்று கம்பெனிக்காரர் என் முன்னால்தான் வாக்குக் கொடுத்தார். அவனும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

தொண்டாமுத்தூர் ஷோ முடிவானபோது, மண்டபமும் சாப்பாடும் என் பொறுப்பு என்று ஒரு தோப்புக்காரர் முன்வந்தார். கூடவே அவருடைய தங்கை மகனும் வந்தான். ஜிம் உடம்பு, ரிங்கில் கால் வைத்துப் பழக்கமில்லை. அவன்தான் எதிராளி. தோற்கத்தான் போகிறான் என்று நானும் நினைத்தேன். பேக்கரியில் பஃப்ஸைப் பிய்த்துக்கொண்டே கம்பெனிக்காரர் சொன்னார்.

“ஃபினிஷை மாத்திக்கலாமுங்க. தோப்புக்காரரு மாப்பிள்ளப் பையன் செயிக்கட்டும்.”

“ஏனுங்க, வாக்குக் குடுத்திருக்கறமுங்களே?” என்றேன்.

“அவங்கப்பன் அந்தத் தோப்புலதானுங்க தேங்கா உரிக்கறான். ‘எங்கூட்டுப் பையன் மேல அவன் ஏறி உக்காந்து எண்ணறதை எங்காளுக முன்வரிசைல உக்காந்து பாப்பாங்களாக்கும்?’னு கேக்கறாரு. நாயந்தானுங்களே?”

நியாயந்தானே என்று சொல்லிவிட்டு விரலில் ஒட்டிய பஃப்ஸ் தூளை நக்கிக்கொண்டார். பொய்யான சண்டை, பொய்யான கோபம், பொய்யான பெல்ட். இத்தனை பொய்க்கு நடுவிலும் ஒருத்தன் எங்கே உட்கார வேண்டும் என்பது மட்டும் அச்சு அசலாக நடக்க வேண்டுமாம்.

அவனிடம் ஷோ அன்றைக்குத்தான் சொன்னார், மண்டபத்தில் மணமகள் அறையில் வைத்து. அவன் முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

“கண்ணு, ஒரு சின்ன மாத்தம். நீ விட்டுக் குடுத்துரோணும்.”

“எங்காளுகல்லாம் வந்திருக்காங்கண்ணா. அப்பனும் வந்திருக்குதுங்க.”

“அதனாலதான் கண்ணு சொல்றேன். அப்பனுக்கும் நல்லதுதானே?”

அவன் பட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டான். “நாந்தோக்கோணும், அவ்வளவுதானுங்களே?”

“அவ்வளவுதான்.”

“சரிங்ணா.”

முன்வரிசைகளில் தோப்புக்காரர் வீட்டு ஆட்கள். பின்னால் தூண்களை ஒட்டி நின்றபடி இவன் தெருவே வந்திருந்தது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்தார்கள். இவன் வருகையை நான் கூவியபோது பின்னாலிருந்து எழுந்த விசிலில் என் மைக்கே கேட்கவில்லை.

மணி அடித்தது. அவன் நேராக ரிங்கின் நடுவுக்கு வந்தான். கீழே உட்கார்ந்தான். பிறகு இரண்டு கையையும் விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டான்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ரெஃப்ரி குனிந்தார்.

“ஏப்பா, என்னாச்சு?”

“ஃபினிஷுங்ணா. எண்ணுங்க.”

மாப்பிள்ளைப் பையன் கையைப் பிடித்து இழுத்தான். “எந்திரிடா, எந்திரி!” அசையவில்லை. தூக்கிப் போட்டாவது ஆட்டத்தைக் காப்பாற்றலாம் என்று இடுப்பில் கை கொடுத்துத் தம் கட்டினான். ஈரச் சிமெண்ட் மூட்டை மாதிரி வழிந்து வழிந்து இறங்கினான் இவன். குதிக்கிறவன் குதிக்காவிட்டால் தூக்குகிறவனுடைய பலம் எவ்வளவு என்று அன்றைக்கு மண்டபம் முழுக்கப் பார்த்தது. பையனுக்கு மூச்சு வாங்கியது. முகம் சிவந்தது. பின்னாலிருந்து ஒரு அக்கா சத்தம் போட்டார்.

“தம்பி, சோறு உண்டீங்களா இல்லீங்களா? உண்டுபோட்டு வந்து தூக்குங் சாமீ!”

சிரிப்பு தூணிலிருந்து கிளம்பி முன்வரிசை வரைக்கும் வந்தது. அங்கேயே இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோப்புக்காரர் எழுந்து நின்றார். கம்பெனிக்காரர் ரெஃப்ரியைப் பார்த்துக் கையை ஆட்டினார். பையன் இவன் மேல் விழுந்தான், மூன்று எண்ணியாயிற்று. வெற்றி பெற்றவரை நான்தான் அறிவிக்க வேண்டும், அறிவித்தேன். கைதட்ட ஆளில்லை. பின்னால் நின்றவர்களில் அவன் அப்பா மட்டும் சிரிக்கவே இல்லை. முன்வரிசையைப் பார்த்தார், அப்புறம் மகனைப் பார்த்தார், துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள், அவன் மண்டபத்தில் விட்டுப்போன பையைக் கொடுக்க ஃபவுண்டரி வாசலுக்குப் போனேன்.

“அப்பன் காலைலயே தோப்புக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்குதுங்ணா” என்றான். “எங்கூடப் பேச மாட்டேங்குது.”

அப்போது அவன் போன் அடித்தது. கம்பெனிக்காரர். ஸ்பீக்கரில் போட்டான்.

“கண்ணு, நீ படுத்த வீடியோ பிச்சுக்கிட்டு ஓடுது! தோப்புக்காரரு கோவத்தையெல்லாம் நான் சரிபண்ணிப்போட்டேன். அடுத்தது பொள்ளாச்சி. நீ அவமானப்படுத்திட்ட, அவன் பழிவாங்க வாரான். என்ன கதை பாத்தியா!”

“கடேசில ஆருங்ணா செயிக்கறது?”

“அது... அவங்க மாமங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேனே.”

அவன் போனை என் கையில் கொடுத்தான். “நீங்களே பேசுங்ணா. மைக் உங்க வேலைதானுங்க.” ஷிஃப்ட்டுக்கு உள்ளே போய்விட்டான்.

போனுக்குள் அவர் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டே போனார். அந்த அப்பாவின் பிழைப்புப் பயத்தையும், மகனின் வைராக்கியத்தையும் மாவில் போட்டுப் பிசைந்து அடுத்த ஷோவுக்கு ஒரு பஃப்ஸ் சுட்டுவிட்டார்.

“ஏனுங்க, நான் மைக்காரன் பேசறேன்” என்றேன். “அவன் இனி வர மாட்டானுங்க. நானும் வரலீங்க. வேற ஆளைப் பாத்துக்கங்க.”

“அட, மைக்குக்கு என்னங்க, ஆயிரம் பேரு கெடைப்பாங்க” என்றார், உண்மையிலேயே கவலைப்பட்ட குரலில். “விழுகற ஆளுக்கு நான் எங்கீங்க போறது?”