நகல் போன இடங்கள்

1. ஸ்வீட் பாக்ஸ்

மாவட்டப் போலீஸ் ஆபீஸின் பதிவேட்டுப் பிரிவுக்கு நான் சூப்பிரண்டென்டாக வந்த முதல் வாரமே ஒருவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றார். வானூர் பக்கத்து விவசாயி.

"மேடம், எங்க பொண்ணைக் குடுக்கப் போற பையன் உங்க டிபார்ட்மென்ட்ல எஸ்.ஐ.ங்க. எஸ்.ஆர்.ல ஏதாவது இருக்குதான்னு பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

எஸ்.ஆர். என்றால் பணிப்பதிவேடு. ஒரு போலீஸ்காரர் வேலையில் சேர்ந்ததிலிருந்து எடுத்த லீவு, வாங்கிய தண்டனை, வந்த வியாதி, வீட்டு முகவரி, வாரிசு எல்லாம் அதற்குள் இருக்கும். முடியாது என்றேன்.

"வாயத் திறந்து சொல்ல வேணாம்ங்க. ஏதாவது இருந்தா தலைய ஆட்டுங்க. இல்லன்னா சும்மா இருங்க, நான் புரிஞ்சிக்கிறேன்."

சும்மா இருந்தாலும் அது ஒரு பதில்தானே? எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் கிளம்பிய பிறகுதான் சீட்டுக்குத் திரும்பினேன். ஸ்வீட் பாக்ஸை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பியூனை விட்டு பஸ் ஸ்டாண்டுவரை துரத்திக் கொடுத்தனுப்பினேன்.

இந்த வேலைக்கு இப்படிப்பட்ட புத்திதான் வேண்டும் என்று அப்போது நினைத்தேன். பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது.

2. என் முடிச்சு

என் அப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர். சாயந்திரம் கிளம்பும்முன் உப்புக் குவியலின் அடியைப் பலகையால் தட்டி, ஒரு கோடு இழுத்துவிட்டு வருவார். காலையில் கோடு கலைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. முக்கியமான ஃபைல்களின் நாடாவை நான் ஒரு மாதிரி திருகி முடிச்சுப் போடுவேன். வேறு யார் அவிழ்த்துக் கட்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும். பீரோ சாவி என் கைப்பையில். ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்றால் மெஷின் பக்கத்தில் நானே நிற்பேன். பின்னால் யாராவது இருமினால் பேப்பரைக் கவிழ்த்துவிடுவேன். செக்‌ஷனில் எனக்கு "சிசிடிவி" என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளுக்குள் பெருமைதான்.

ரெக்கார்டு ரூம் ஏழுமலையைத்தான் அதிகம் சந்தேகப்படுவேன். என் வயதுக்காரர். ஃபைல் எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வைப்பதும் அவர் வேலை. டீக்கடையில் எல்லோரோடும் பேசுவார். அதிகம் பேசுகிறவரிடம் ரகசியம் நிற்காது என்பது என் கணக்கு.

3. கலைச்செல்வி

கலைச்செல்வி முதல்நிலைக் காவலர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஸ்டேஷனில் இருந்தார். கணவன் உப்பு லாரி ஓட்டுகிறவன். அடிப்பான். ஒருமுறை கையை உடைத்ததற்கான மெடிக்கல் லீவு எஸ்.ஆரிலேயே இருந்தது, காரணம் "தவறி விழுந்ததால்" என்று எழுதியிருந்தது. ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார். வேறு ஸ்டேஷனுக்கு மாறுதல் அனுமதியானது, ஆணை மட்டும் பாக்கி. கீழ்புத்துப்பட்டில் வாடகைக்கு வீடு பிடித்தார்.

முகவரி மாற்ற மனுவை என் கையில் கொடுத்தபோது, "மேடம், இது வெளிய தெரிஞ்சா அவன் வந்துடுவான்" என்றார்.

"என் பீரோவுக்குள்ள போனது காத்துக்குக்கூடத் தெரியாதும்மா. நீ தைரியமாப் போ" என்றேன்.

மூன்றாவது வாரம் திரும்ப வந்தார். உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது.

"வீட்டுக்கு வந்துட்டான் மேடம். பாப்பா கண்ணு முன்னாடியே அடிச்சான். எங்க அம்மாவுக்குக்கூட அந்த அட்ரஸ் தெரியாது. இந்த ஆபீஸ்ல மட்டும்தான் சொன்னேன்."

பீரோவைத் திறந்தேன். முடிச்சு என் முடிச்சுதான், அப்படியே இருந்தது. அந்த முடிச்சைப் பல வருஷமாகக் கிட்டே இருந்து பார்த்தவர் ஏழுமலை ஒருவர்தான். அவருக்கு மாமியார் வீடு எந்த ஊர்? கீழ்புத்துப்பட்டு. இதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு?

4. ஏழுமலை

அவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு அட்ரஸை யார்கிட்ட சொன்னீங்க?"

"எந்தப் பொண்ணுங்க மேடம்?"

"நடிக்காதீங்க ஏழுமலை. அவ புருஷன் மாதிரி லாரிக்காரங்களோட டீக்கடையில நிக்கிறவர்தானே நீங்க?"

"லாரிக்காரங்க பத்து பேரு டீ குடிக்கிறாங்க. இவன்தான் அவ புருஷன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? சத்தியமா அந்த ஃபைலை நான் தொடவே இல்லை."

தொடவில்லை என்று அவர் முந்திக்கொண்டு சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நடவடிக்கை கேட்டு மேலதிகாரிக்கு ஒரு ரிப்போர்ட் டைப் பண்ணினேன். அன்று முழுக்க ஏழுமலை மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. அதையும் குற்ற உணர்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த நேரம், கலைச்செல்வி மறுபடியும் வந்தார். செல்போனை நீட்டினார். கணவன் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கீழே, "உங்க ஆபீஸே எனக்கு அட்ரஸ் குடுக்குது. நீ எங்க போயி ஒளிவ?" என்று எழுதியிருந்தான்.

போட்டோவில் இருந்தது ஒரு டி.ஓ. மாவட்ட ஆணையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருடைய மாறுதலும் புது முகவரியும் அந்த ஒரே தாளில். அது குத்தியிருந்தது பழைய ஸ்டேஷனின் நோட்டீஸ் போர்டில். கணவனுக்கு அங்கே சிநேகிதர்கள் உண்டு. தாளின் அடியில் வழக்கமான பட்டியல்: நகல், பழைய நிலையம். நகல், புதிய நிலையம். நகல், சம்பளப் பிரிவு. நகல், தகவல் பலகை. அதற்கும் கீழே "உண்மை நகல்". அதன் மேல் என் கையெழுத்து.

எங்கள் ஆபீசில் எந்த ஆணை போட்டாலும் பழைய ஆணையை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அடியில் இருக்கும் பட்டியலை அப்படியே விட்டுவிடுவோம். அதை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. பீரோவைப் பூட்டி முடிச்சுப் போட்ட அதே நாளில், அதே கையால், அந்த முகவரியை நாலு இடத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

"நான்தாம்மா" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ரிப்போர்ட்டைக் கிழித்தேன். ஏழுமலையை எல்லோர் முன்னால் கேட்டதால், மன்னிப்பையும் எல்லோர் முன்னாலேயே கேட்டேன்.

"பரவாயில்லைங்க மேடம்" என்றார். ஃபைல்களை அடுக்கிக்கொண்டே, "ஆனா வீட்ல என் பொண்டாட்டியும் கேட்டுட்டா, நீ சொன்னியான்னு" என்றார்.

5. உறை

என் தவறை நானே எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது, வர வேண்டியதுதான். நோட்டீஸ் போர்டிலிருந்து அந்தத் தாளை எடுக்க வைத்தோம். போட்டோ எடுத்துக் கொடுத்த காவலர் மேல் விசாரணை நடந்தது. கணவன் மேல் வழக்குப் பதிவானது. ஆனால் அவன் ஜாமீனில் வந்துவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கலைச்செல்வி மறுபடியும் வீடு மாற்றினார்.

விதிப்படி புது முகவரி எங்களிடம் இருந்தாக வேண்டும். வந்தார். தாளை நீட்டினேன். வாங்கி மேஜையில் வைத்தார், எழுதவில்லை.

"யார் யாரு பாப்பாங்க மேடம்?"

"மேலதிகாரி, நான், அவ்வளவுதான்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். ஸ்வீட் பாக்ஸ்காரரை நான் பார்த்தேனே, அதே பார்வை. எனக்குக் கோபம் வரவில்லை.

"சரி, நானும் பாக்க மாட்டேன்" என்றேன். மேலதிகாரியின் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, ஒரு உறையைக் கொடுத்தேன். எனக்கு முதுகைக் காட்டி நின்று எழுதினார். ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டு, அரக்கு வைத்தார். எஸ்.ஆரில் முகவரிக் கட்டத்தில் "மூடிய உறையில்" என்று மட்டும் எழுதினேன். அதற்கு ஆணையும் கிடையாது, நகலும் கிடையாது.

பதிவேட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் பீரோவை எப்படிப் பூட்டுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். பூட்டுங்கள், யாரையும் நம்பாதீர்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் தாளின் அடிப்பட்டியலை வாய்விட்டுப் படியுங்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கையைத்தான்.

நான் ஓய்வு பெற்று சாவியை ஒப்படைத்த அன்று உறையை எடுத்துப் பார்த்தேன். அரக்கு உடையவில்லை. அந்தப் பெண்ணும் அவள் மகளும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.