பச்சைக் குளவி கூட்டிப்போன கரப்பான்

பேய், ஆவி, செய்வினை எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன்; முன்பு சொன்ன அதே குரலில் சொல்ல வராது, அவ்வளவுதான். நான் முதுகலைத் தமிழ் இலக்கியம் படிப்பவள். கதையில் செத்தவன் எழுந்து நடந்தால் அவன் எதைக் குறிக்கிறான் என்று யோசிப்பேனே தவிர, எங்கள் தெருவுக்கு வருவானா என்று யோசித்ததில்லை. அதனால்தான், ஓய்வுபெற்ற பிறகு கைப்பேசியில் ஜாம்பிப் படங்களாகப் பார்த்துத் தள்ளிய அப்பா ஒருநாள், "ஏம்மா, ஏதோ ஒண்ணு ஒடம்புக்குள்ள பூந்து ஆளையே ஆட்டி வைக்கிற மாதிரி காட்டுறானே, அதெல்லாம் நெசமாவே இருக்குமா?" என்று கேட்டபோது, "கதைப்பா. கதைக்கு வெளிய கிடையாது" என்றேன்.

அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, முத்தாபுதுப்பேட்டையில் கட்டிய சொந்த வீட்டுக்கு வந்தோம். வந்த இரண்டாம் மாதம் அம்மா நின்றுபோனாள். இதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அழவில்லை, வலி என்று எதுவும் சொல்லவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். சொல்லாவிட்டால் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெங்கும் கேஸ் வாடை. அவள் அடுப்பின் எதிரில்தான் நின்றிருந்தாள். "பொங்குறது தெரிஞ்சுது. அணைக்கணும்னும் தெரிஞ்சுது. கைதான் கெளம்பல" என்றாள்.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றார். அப்பாவுக்கு அத்தனை பொறுமை இல்லை. திண்டிவனத்திலிருந்து மாமா, அம்மாவின் அண்ணன், அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று ஒரு சனிக்கிழமை காலை முடிவாயிற்று. எத்தனை காலத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவைக் கேட்டோம். "சரி" என்றாள். எதைக் கேட்டாலும் சரி என்பவளை யார் வேண்டுமானாலும் கையைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம். அவள் திரும்பி வரமாட்டாள் என்று நான் பயந்தேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, பாத்திரம் கழுவப் போனபோது அதைப் பார்த்தேன். அடுக்களைத் தரையில் ஒரு கரப்பான். அதன் முன்னால், மயில்கழுத்துப் பச்சையில் மின்னும் சின்னக் குளவி ஒன்று, கரப்பானின் மீசையைக் கவ்விக்கொண்டு பின்னோக்கி நடந்துகொண்டிருந்தது. இழுக்கவில்லை, இதை உறுதியாகச் சொல்வேன். கயிற்றைப் பிடித்து மாட்டைக் கூட்டிப்போவதுபோலக் கூட்டிப்போயிற்று. கரப்பான் அதைவிடப் பெரியது, ஆறு கால்களும் சரியாக இருந்தன, ஓடியிருக்கலாம். ஓடவில்லை. குழாய் பொருத்துவதற்காகச் சுவரின் அடியில் போட்டு, அப்படியே விட்டிருந்த ஓட்டையை நோக்கி இரண்டும் போய்க்கொண்டிருந்தன. நான் திரும்பிக் கூடத்தைப் பார்த்தேன். அம்மா நாற்காலியில் இருந்தாள். ஏனென்று தெரியாமல் ஒரு டம்ளரை எடுத்துக் கரப்பான்மேல் கவிழ்த்தேன். குளவி டம்ளரைச் சற்று நேரம் சுற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

பிறகு தேடிப் படித்தேன். அந்தக் குளவி கரப்பானின் மூளையைப் பார்த்துக் கொட்டுமாம். கால்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நடக்கத் தொடங்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் போய்விடும். வளைக்குள் கொண்டுபோய்க் காலில் முட்டையை ஒட்டி வாசலை அடைத்துவிட்டால், பொரித்து வரும் புழு அதை உயிரோடு தின்னும். முட்டை ஒட்டுவதற்குள் தப்பிய கரப்பான் ஒரு வாரம்போல் ஆனால் தேறிவிடும். கதைக்கு வெளியே கிடையாது என்று சொன்னவளின் அடுக்களைத் தரையில் இது நடந்திருக்கிறது. அந்த நஞ்சு மனிதரை இப்படிச் செய்யாது என்பதையும் படித்தேன், இரண்டு முறை. ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கம்: கரப்பானை ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் துளையிட்டுக் கட்டிலடியில் வைத்துக்கொண்டேன். இது தானாக நடந்தால் அம்மாவும் நடப்பாள் என்று எனக்குள்ளேயே பந்தயம் கட்டினேன்.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர், பாட்டிலைப் பார்த்துவிட்டார்.

"இன்னா கண்ணு, ஊரே செருப்பால அடிக்குது, நீ சக்கரத் தண்ணி ஊத்தி வளத்துகினு கீற? பேரு வெச்சிட்டியா?"

"இல்லக்கா."

"வெச்சிடு. ரேஷன் கார்டுல சேக்கணும்ல." பிறகு கூடத்தை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவ அனுப்பாத கண்ணு. போச்சுன்னா அங்கியே குந்திக்கும்."

வாரம் முழுக்க ஈர்க்குச்சியால் தொட்டுப் பார்த்தேன். தொட்டால் இரண்டடி வைக்கும், நின்றுவிடும். சனிக்கிழமை இரவுவரை அப்படித்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாமா வாடகைக் காரோடு வந்தார். "எழுந்திரும்மா லட்சுமி, போலாம்" என்று மணிக்கட்டைப் பிடித்தார். அம்மா எழுந்தாள், நடந்தாள். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி பின்னால் போனார். மாத்திரைகளை எடுக்க என் அறைக்குள் போன எனக்குக் கட்டிலடியில் கண்ணாடியைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. குனிந்தேன். யாரும் தொடாமல் கரப்பான் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அதே நேரம் வாசலில் அம்மாவின் குரல்.

"கைய விடுண்ணே."

"வண்டி நிக்குது, வாம்மா."

"நா வரல. பொண்ணுக்குப் பரீட்சை வருது. அரிசி வேற ஊறப் போடல."

நான் வெளியே ஓடிவந்தபோது அவள் தானாக உள்ளே வந்துகொண்டிருந்தாள். நேராக அடுக்களைக்குப் போய், "உளுந்த எங்கடி வெச்சீங்க, எடம் மாத்தி எடம் மாத்தி?" என்றாள். அப்பா வாசற்படியில் பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா, "இன்னைக்கு ஊறப்போட்டா நாளைக்குத்தான இட்லி. அப்ப நாளைக்குத்தான் போவேன்" என்று காரை அனுப்பிவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றிரவு எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கினோம். கரப்பானைப் பின்னாலிருந்த காலி மனையில் விட்டுவிட்டேன்.

மாத்திரை வேலை செய்திருக்கும். கரப்பானுக்கும் வாரம் கழிந்திருந்தது. இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்ததைத் தற்செயல் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன மாதம்வரை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள், காய்காரரிடம் சண்டை போடுகிறாள். போன மாதம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"அப்பல்லாம் மத்தியானத்துல நீ வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவியே. ஒரு வார்த்த பேசமாட்ட. மொதல்ல பின்கதவு வரைக்கும். அப்புறம் துணிக்கொடி வரைக்கும். கடைசியா அந்தக் காம்பவுண்டு செவுரு வரைக்கும்."

அந்த வாரங்களில் மதிய வேளையில் நான் கல்லூரியில் இருந்தேன். அப்பா உண்டுவிட்டுத் தூங்குவார்.

"நான்தான்னு பாத்தியாம்மா?"

"நிமிந்து பாக்கத் தோணல. வேற யாரு வருவா?"

நான் ஒரு கீரைக்காம்பை எடுத்துக் கிள்ளினேன். "நான்தாம்மா" என்றேன்.