பதினாறாம் நாள் நோன்பு

யுத்தம் முடிந்து சில வருடங்களாகியும் நாங்கள் மன்னாருக்குத் திரும்பவில்லை. அகதிகளாய் வந்த புத்தளத்திலேயே இருந்துவிட்டோம். என் தங்கை உப்பளத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கணுக்காலில் ஊசியால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள் வந்தபோது உப்புத்தண்ணீர் என்றோம். கை நீலமாய்க் கன்றியதற்கு உப்புக்கூடை. பல் துலக்கும்போது இரத்தம் வந்ததற்கு நான் பிரஷைத்தான் ஏசினேன். எல்லோரும் டெங்குவுக்குப் பயந்திருந்த காலம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அத்தோடு விட்டேன்.

நான் வீட்டில் பெண்களுக்கு ஓதிக்கொடுப்பவள். மார்க்கச் சட்டமெல்லாம் விரல்நுனியில். அந்த வருடம் ரமழான் நோன்பின் முதல் நாளே அவளுக்கு மாதவிலக்கு வந்தது. அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை. விட்டதைப் பிறகு கழாவாகப் பிடிக்க வேண்டும். ஏழு நாள் போனது, பத்து நாள் போனது. கஞ்சி காய்ச்சிக்கொண்டே நான் நாட்களை எண்ணினேன். சாக்குச் சொல்கிறாள் என்றுகூட நினைத்தேன்.

பதினைந்தாம் நாள், நோன்பு திறந்த கையோடு கேட்டேன்.

“இன்னும் நிக்கல்ல ராத்தா.”

“பதினஞ்சு நாள் தாண்டினா அது மாதவிலக்கு இல்ல. நோய் ரத்தம். குளிச்சிட்டு நாளைக்கு நோம்பைப் பிடி.”

“ஏலாம இருக்கு.”

“எல்லாருக்கும் ஏலாமத்தான் இருக்கு.”

நோய் ரத்தம் என்று சொன்னது என் வாய்தான். நோயாளி நோன்பை விடலாம் என்றும் எத்தனையோ பேருக்குப் படித்துக்கொடுத்திருக்கிறேன். அன்று அது ஞாபகத்துக்கே வரவில்லை.

நான்கு நோன்பு பிடித்தாள். ஐந்தாம் நாள் பகல், லுஹர் தொழுகைக்கு முன் மூக்கால் இரத்தம் வழிந்தது. துவாய் நனைந்தும் நிற்கவில்லை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

“எத்தனை நாளா ரத்தம் போகுது?” என்றார் டொக்டர்.

“இருபது நாள்.”

“சரியாத் தெரியுமா?”

“ஓம். எண்ணிக்கொண்டுதான் இருந்தன்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு விளக்கினார். இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டுகளை அவள் உடம்பே அழித்துக்கொண்டிருக்கிறதாம். டெங்கு இல்லாமலும் குறையுமாம். புள்ளி, கன்றல், பல்லில் வந்தது எல்லாம் அதுதானாம். தலைக்குள் கசிந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. வாங்கில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டினேன். என்ன ஓதினேன் என்று இன்றுவரை தெரியாது.

பெருநாள் வார்ட்டிலேயே போனது. புள்ளிகள் மங்கிவிட்டன. மருந்தால் முகம் ஊதிப்போய்ப் படுத்திருந்தவள் என் கையைப் பிடித்தாள்.

“ராத்தா, எனக்கு எத்தனை கழா?”

எண்ணிக்கை நாக்கு நுனியில் இருந்தது.

“ஒண்டும் இல்ல,” என்றேன்.

மார்க்க விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய். அவள் அதையும் நம்பினாள்.